ஏழாம் வரிசையின் பதின்மூன்றாவது விதை

ஜூலை 11, 1988

மேழி மகளிர் மன்றத்தின் பதினான்கு ஆண்டு வரலாற்றில் இன்று ஒரு திருப்புமுனை. களைக்கொத்துகளின் மரப்பிடிகளுக்கு இனிப் பச்சை வண்ணம் பூசுவது என்று தீர்மானித்தோம். இதுவரை அவை நீலம். விவாதம் ஒரு மணி நாற்பது நிமிடம் நடந்தது. மஞ்சளுக்காகக் கடைசிவரை வாதாடிய மூன்றாம் ஆண்டு ஜெசிந்தா, தோற்றதும், "சேறு பட்டா எல்லாம் ஒரே கலருதானக்கா" என்றாள். அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

இந்த ஆண்டு நான் இறுதியாண்டு மாணவி, மன்றத்தின் செயலாளர். தீர்மானப் புத்தகத்தில் இடம்பெறத் தகாத சில்லறை விவரங்களுக்காக இந்த நோட்டைத் தொடங்குகிறேன். சொந்த விஷயங்களுக்காக அல்ல.

பின்னால் படிப்பவர்களுக்கு: 1974இல் இந்த வேளாண்மைக் கல்லூரியில் முதன்முதலாகப் பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். பண்ணை மேலாளர் செய்முறைப் பதிவேட்டில், 'மாணவியர் வேப்பமர நிழலில் அமர்ந்து கவனிக்கலாம்' என்று எழுதினார். பதினொருவரும் ஒரு வாரம் நிழலில் அமர்ந்து கவனித்தார்கள். எட்டாம் நாள், விடுதிக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாத ஐந்து சென்ட் நிலத்தைக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். அங்கே எதுவும் விளையாது என்ற நம்பிக்கையில் அனுமதி கிடைத்தது. ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு பயிர். படிப்பை முடிக்கிறவள் தன் வரிசையின் விதையைத் துணிப்பையில் போட்டு, தான் தேர்ந்தெடுக்கும் இளையவளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்தவள் வரிசை அக்கா, வாங்கியவள் வரிசைத் தங்கை. மாணவர்கள் எங்களைக் 'களைச் சங்கம்' என்பார்கள். அவர்களுக்குச் சங்கம் எதுவும் இல்லை.

ஏழாம் வரிசை, செடி அவரை. எனக்கு முன் அது கமலவேணி அக்காவுடையது. ஏப்ரலில் படிப்பை முடித்துக்கொண்டு போனார். தருமபுரியில் விதைச் சான்றுத் துறையில் வேலை. விவரம் முழுமையாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஜூலை 15

இருப்புக் கணக்கெடுப்பு. மண்வெட்டி 6, களைக்கொத்து 11, பூவாளி 4 (ஒன்றில் ஓட்டை), ஓலைத் தொப்பி 1. தொப்பி கமலவேணி அக்கா விட்டுச்சென்றது. உள்பட்டையில் தேங்காய் எண்ணெய் வாசனை இருக்கிறது. பதிவேட்டின் 'நிலை' என்ற கட்டத்தில் அதை எழுதினேன்.

தலைவி நசீமா படித்துவிட்டு, "ஏட்டி ஆவுடை, பூவாளிக்கு மட்டும் ஏன் வாசனை எழுதல?" என்றாள்.

பூவாளிக்கு வாசனை இல்லை.

ஜூலை 18

பதினான்காம் எண் அறையில் ஏப்ரலிலிருந்து ஒரு கட்டில் காலி. ஜெசிந்தாவை அதில் போட்டிருக்கிறார்கள். காற்றோட்டம், வெளிச்சம், கரையான் ஆகிய மூன்று காரணங்களைக் காட்டி வார்டனிடம் ஆட்சேபம் தெரிவித்தேன். "நீ ஒருத்தி மட்டும் இருந்தா கரையான் வராதோ?" என்று கேட்டார்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. தூக்கத்திலும் பேசுகிறாள்.

ஆகஸ்ட் 2

ஆடிப்பெருக்கு. விதைப்பு.

விதிப்படி வரிசைக்குப் பன்னிரண்டு குழி, இரண்டடி இடைவெளி, பன்னிரண்டு விதை. பையைப் பிரித்தால் பதின்மூன்று இருந்தன. கமலவேணி அக்கா எண்ணிக்கையில் தவறுகிறவர் அல்லர். விதைத் தேர்வில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவர். பதின்மூன்றாவது சற்று வெளிறியிருந்தது. முற்றாத விதை என்று ஒதுக்க வேண்டும். ஒதுக்கவில்லை. ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் ஒரு சிறு குழி எடுத்து ஊன்றினேன்.

இரண்டடி விதியை நான் மீறியது இதுவே முதல் முறை. யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 9

பதின்மூன்றும் முளைத்தன.

ஆகஸ்ட் 22

தபால் பலகைப் பக்கம் வேறு வேலையாகப் போக நேர்ந்தது. தருமபுரியிலிருந்து ஓர் அஞ்சலட்டை:

'வேலை பரவாயில்லை. வயல் வயலாகப் போய்க் கலவன் எண்ணுகிறேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எம்.எஸ்ஸி. விண்ணப்பமும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டில் எதுவென்று தைக்குள் தெரியும். வரிசை நாளுக்கு வருகிறேன். அவரையைப் பார்த்துக்கொள்.'

ஏழு வாக்கியங்கள். நான்காவதைப் பலமுறை படித்தேன். கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

(கலவன் என்பது ஒரே ரகம் நிற்கும் வயலில் வேறு ரகமாக முளைத்து நிற்கும் செடி. விதைக்காக வளர்க்கும் பயிரில் அதைப் பிடுங்கிவிட வேண்டும். வரிசை நாள் ஜனவரி 22. பழைய உறுப்பினர்கள் வந்து தங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு, அதில் சமைத்ததைச் சாப்பிட்டுப் போவார்கள்.)

ஆகஸ்ட் 24

நானும் எம்.எஸ்ஸி. இங்கேயே சேர்வதாக இருப்பதால், முதுகலை மாணவியருக்கு அறை எப்படித் தருகிறார்கள் என்று வார்டனிடம் விசாரித்தேன். இருவர் அறை. துணையை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். மூன்றாம் எண் அறையின் ஜன்னலைத் திறந்தால் பதினொரு வரிசையும் தெரியும். பொது அறிவுக்காகக் கேட்டுவைத்தேன்.

செப்டம்பர் 4

விதி 9: 'தேவைப்பட்டால், வரிசை அக்காவுக்குப் பயிரின் நிலை குறித்து அறிக்கை அனுப்பலாம்.' தேவைப்பட்டது. ஆறு பக்கம்.

நசீமா உறையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "முளைச்சு நாலு இலை விட்டுருக்கு. இலைக்கு ஒன்றரைப் பக்கமாட்டி?"

அசுவினிப் பூச்சித் தாக்குதல் பற்றியும் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"அசுவினி எங்க இருக்கு?"

இன்னும் வரவில்லை. வந்தால் என்ன செய்வது என்பது பற்றி எழுதியிருந்தேன்.

செப்டம்பர் 18

அறிக்கை எண் 2. ஐந்து பக்கம்.

அக்டோபர் 2

அறிக்கை எண் 3. இன்று அசுவினி வந்திருந்தது. நன்றாயிற்று.

அக்டோபர் 16

பதில் இல்லை. வயல் ஆய்வுக் காலம்; ஒரு நாளில் எட்டு ஊர் போக வேண்டியிருக்கும். தபால் பலகைப் பக்கம் இந்த வாரம் ஒன்பது முறை வேறு வேலை இருந்தது.

ஜெசிந்தா கேட்டாள்: "எக்கா, நீங்க யாருக்குக் கடுதாசி எழுதுதீக?"

"துறைக்கு."

"துறைக்கு எழுதும்போது எதுக்குக்கா சிரிக்கீக?"

நவம்பர் 6

மழை. ஏழாம் வரிசையில் தண்ணீர் தேங்கியது. ஜெசிந்தாவும் நானும் வாய்க்கால் வெட்டினோம். அவள் முழங்கால்வரை சேறு. ஆனாலும் வாய் மூடவில்லை. வேலை சுத்தம். பேச்சு குறைந்தால் ஏழாம் வரிசைக்கு இவளை யோசிக்கலாம். அவசரமில்லை. பையைக் கொடுத்த பிறகு வரிசை என்னுடையதாக இருக்காது.

இன்று மத்தியானம் மெஸ்ஸில் அவரைக்காய்ப் பொரியல். போன வருடம் கமலவேணி அக்கா ஊரிலிருந்து திரும்பி வந்தபோது தூக்குவாளியில் கொண்டுவந்த பொரியல் போல இல்லை. அது அவர் வீட்டுக் கொல்லையில் காய்த்தது. வாளியை நானே காலி செய்தேன். "இவ்வளவு புடிச்சா எங்க வீட்டுக்கு ஒரு தடவ வாடி, பறிச்சு ஆக்கிப் போடறேன்" என்றார். போகவில்லை. பருவத் தேர்வு இருந்தது.

நவம்பர் 19

ஏழாம் வரிசையில் பூ. பன்னிரண்டு செடிகளிலும் ஊதா.

நடுவில் உள்ள பதின்மூன்றாவதில் வெள்ளை.

விதி 4 தெளிவாக இருக்கிறது: கலவனைக் கண்டால் உடனே நீக்க வேண்டும். ஒரு நாள் கவனித்துவிட்டு நீக்குவது முறை என்று பட்டது.

நவம்பர் 26

கவனிப்பு தொடர்கிறது. காலையில் தேநீருக்கு முன் ஒரு முறை, வகுப்பு முடிந்ததும் ஒரு முறை. வெள்ளையாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு தகவல் கிடைக்கவில்லை.

அறிக்கை எண் 6இல் இதைக் குறிப்பிடவில்லை. கலவன் எண்ணுவதே தொழிலாக உள்ள ஒருவரிடம், அவர் கொடுத்த வரிசையிலேயே கலவன் வந்திருக்கிறது என்று எழுதுவது எப்படி?

டிசம்பர் 1

அஞ்சலட்டை. மூன்றே வாக்கியங்கள்.

'பூ விட்டதா? என்ன நிறம்? உடனே எழுது.'

விதைச் சான்று ஆய்வில் முதல் கேள்வியே பூவின் நிறம்தான். கமலவேணி வரும்போது வரிசையை அதிகாரியின் கண்ணோடுதான் பார்ப்பாள். (திருத்தம்: கமலவேணி அக்கா பார்ப்பார்.) ஒரு செடி மாறியிருந்தாலும், பொறுப்பில்லாத கையில் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றும். அப்படிப்பட்டவளோடு இரண்டு வருடம் ஓர் அறையில் இருக்க யார் விண்ணப்பிப்பார்கள்?

பதில் எழுதினேன்: 'பூ விட்டது. முழுவதும் ஊதா.' கையோடு பெட்டியில் போட்டேன்.

டிசம்பர் 3

எழுதியது உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா? காலை ஆறரைக்குப் பதின்மூன்றாவது செடியைப் பிடுங்கினேன். வேர் ஆழமாகப் போயிருந்தது. இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

ஜெசிந்தா பல்தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஐயோ எக்கா! பூவும் பிஞ்சுமா இருந்துச்சே. அதை எதுக்குப் பிடுங்குனீக?"

"கலவன்."

"பிடுங்கியும் புண்ணியமில்லக்கா. இனவிருத்தி வகுப்புல போன வாரம்தான் நடத்துனாவ. கருவண்டு ரெண்டு வாரமா இதுக்கும் அதுக்கும் மாறி மாறிப் போயிட்டிருக்கு. இங்கன பாருங்க, ரெண்டு பக்கச் செடியிலயும் இதோட மகரந்தம் ஏறியிருக்கும். அந்த விதையைப் போட்டா அடுத்த வருசம் ஊதாதான் வரும், ஒண்ணும் தெரியாது. அதுக்கடுத்த வருசம் நாலுக்கு ஒண்ணு வெள்ளை எட்டிப் பாக்கும்."

அதற்காகத்தான் விதி 5 இருக்கிறது என்றேன். 'பூத்தபின் கலவனை நீக்கினால், அதன் இருபக்கச் செடிகளிலிருந்தும் விதை எடுக்கக் கூடாது.'

"எல்லாத்துக்கும் விதி வச்சிருக்கீக" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளித்தாள்.

செடியை எருக்குழியில் போட்டேன். பூக்கள் சாயங்காலம்வரை வாடவில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன்.

டிசம்பர் 20

அறிக்கை எண் 7. பதில் எதிர்பார்க்கவில்லை.

டிசம்பர் 31

பதில் இல்லை.

ஜனவரி 9, 1989

வரிசை நாளுக்கான முன்னேற்பாடுகள். களைக்கொத்துகளின் பச்சை வண்ணம் உரிந்து நீலம் தெரிகிறது. மறுபரிசீலனைக் கூட்டம் வேண்டும் என்று ஜெசிந்தா கேட்கிறாள்.

எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. இரண்டு வாங்கினேன். ஒன்றில் பிழை வந்தால் மற்றது உதவும்.

ஜனவரி 21

ஏழாம் வரிசையைக் கயிறு பிடித்துப் பார்த்தேன். நேர்கோடு. களை இல்லை. பழுத்த இலைகளைக் கிள்ளினேன். நசீமா வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"செடிக்குப் பொட்டு வச்சிருதியா?"

நாளை தலைக்குக் குளிக்க வேண்டும். பழைய உறுப்பினர்கள் வருகிறார்கள்.

ஜனவரி 22

பழைய உறுப்பினர்கள் பத்தொன்பது பேர் வந்தார்கள். 1974ஆம் ஆண்டின் மூன்றாம் வரிசை, தன் கத்தரியைப் பார்த்ததும் அழுதார். சமையல் பதினொரு வகை. உப்பு, அவரவர் வரிசைப்படி.

கமலவேணி அக்கா 10.50 பேருந்தில் வந்தார். சற்று இளைத்திருக்கிறார். கையில் கடிகாரம் புதிது. என்னைப் பார்த்ததும், "செயலாளரம்மா, அறிக்கை எல்லாம் வந்து சேந்துச்சு. ஆபீஸ்ல எனக்கு வர்ற தபால்லயே கனமானது உன்னோடதுதான்" என்றார்.

தொப்பியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வரிசைக்கு வந்தார். ஜெசிந்தாவும் பூவாளியோடு பின்னால் வந்தாள். அக்கா முதல் செடியிலிருந்து கடைசிவரை மெதுவாக நடந்தார். திரும்பவும் நடந்தார். ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் குனிந்து சாண் போட்டு அளந்தார்.

"சரியா ரெண்டடி. பன்னெண்டு செடி. நீ மாறவே மாட்டடி ஆவுடை."

நன்றி என்றேன்.

"பையில பதிமூணு வெச்சிருந்தனே. எண்ணலையா?"

எண்ணினேன் என்றேன்.

அவர் வரப்பில் உட்கார்ந்தார். "சிரிக்காத. எங்க ஊர்ல ஒண்ணும் முடிவு பண்ண முடியலன்னா சாமி முன்னாடி பூக்கட்டிப் பாப்பாங்க. வெள்ளை ஒண்ணு, செவப்பு ஒண்ணு. பொட்டலம் கட்டிப் போட்டு, கொழந்தைய விட்டு எடுக்கச் சொல்வாங்க. நான் இங்க கட்டிப் பாத்தேன். பதிமூணாவது எங்க வீட்டுக் கொல்லை அவரை. வெள்ளைப் பூ பூக்கும். வாளியோட தின்னியே, அதுதான். அது இந்த மண்ணுல வந்து பூத்துச்சுன்னா, அப்பா என்ன சொன்னாலும் வேலைய விட்டுட்டு இங்கயே எம்.எஸ்ஸி.க்கு வந்துடறதுன்னு இருந்தேன். விண்ணப்பம்கூட எழுதி முடிச்சிட்டேன். நீ முழுசும் ஊதான்னு எழுதிட்ட."

நான் ஆறாவது செடியில் பழுத்த இலை இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அப்பாவுக்கு ஒரு பதில் சொல்லணும்ல. எனக்கே ஒரு பதில் வேணும்ல. மார்கழி பொறக்கறதுக்கு முன்னாடியே தட்டு மாத்திட்டாங்க. மாப்பிள்ளைக்கு நாக்பூர்ல வேலை. நல்லவரு மாதிரிதான் தெரியுது. வேலைய விட்டுடணும்." பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். "பிப்ரவரி இருபத்தி நாலு. காலைல ஒம்பதுல இருந்து பத்தரை முகூர்த்தம். வருவியா?"

அன்று மன்றப் பணி இருக்கிறது என்றேன்.

"அது முளைக்கவே இல்லையாடி?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். பூவாளியில் தண்ணீர் இல்லை, போய்ப் பிடித்து வா என்றேன். பூவாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

வெளிறிய விதை, முளைப்புத்திறன் குறைவு என்று தெரிவித்தேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார். "ரொம்ப நாள் அடுக்குப் பானையில கெடந்தது."

சாப்பாட்டில் அவரை அவருக்குப் பிடித்திருந்தது. 2.30 பேருந்து. உண்மையைச் சொல்வதற்குச் சாப்பாட்டின்போது ஒரு சந்தர்ப்பமும், பேருந்து நிறுத்தத்தில் ஒரு சந்தர்ப்பமும் இருந்தன. நிறுத்தத்தில் பேருந்து பன்னிரண்டு நிமிடம் தாமதம். அடுத்த வருடம் மழை எப்படி இருக்கும் என்பது பற்றிப் பேசினோம். ஏறும்போது தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். "இது உன் மன்றச் சொத்துதான, வெச்சுக்கோ."

இருப்புப் பதிவேட்டில் மாற்றம் இல்லை.

ஜனவரி 23

ஜெசிந்தா இன்று முழுவதும் பேசவில்லை. விளக்கு அணைத்த பிறகு கேட்டாள்: "எக்கா, நான் சொல்லியிருக்கலாமா?"

"எதை?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

தட்டு மாற்றியாகிவிட்டது என்றேன். அதற்குப் பிறகு சொன்னால் அது தகவல் ஆகாது.

பிப்ரவரி 5

எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தை அனுப்பினேன். பிழை எதுவும் வரவில்லை. மற்றது மேசை இழுப்பறையில் இருக்கிறது. அறைத் துணை என்ற கட்டத்தில் 'விருப்பம் எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

பிப்ரவரி 12

மன்றக் கூட்டம். ஏழாம் வரிசைக்கு ஜெசிந்தாவைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தேன். நசீமா, "இவ பேசிப் பேசியே செடியை வளத்துருவா" என்றாள். களைக்கொத்துப் பிடிகளுக்கு மஞ்சள் பூசும் தீர்மானம் விவாதமின்றி நிறைவேறியது. நானும் கை தூக்கினேன்.

பிப்ரவரி 24

காய்கள் முற்றி உலர்ந்துவிட்டன. இன்று ஏழாம் வரிசையில் விதை எடுத்தோம். காலை ஒன்பதிலிருந்து பத்தரைவரை.

ஜெசிந்தா முறத்தைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துச் செடி விதை கூடாதுன்னு விதி அஞ்சு இருக்குல்லாக்கா?" என்று ஒருமுறை கேட்டாள். இருக்கிறது என்றேன். பிறகு கேட்கவில்லை.

ஆறாம் செடியிலிருந்து ஆறு விதை, ஏழாம் செடியிலிருந்து ஆறு விதை. மற்ற பத்துச் செடிகளின் காயும் மெஸ்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. பை ஜெசிந்தாவிடம் ஒப்படைக்கப்பட்டது.